ஆடியில் வீடு மாறுவதில்லை

1974 ஜூலை 12, வெள்ளி

காற்று. விடிந்ததிலிருந்து காற்று மட்டும்தான். மழை முழுக்க மலைக்கு அந்தப் பக்கம். வடகரப்பதிக்கு வந்து சேர்வது அதன் மூச்சு. பள்ளிக்கூடம் போகும்போது பாவாடைக்கு ஒரு கை, புத்தகத்துக்கு ஒரு கை. தலைமுடியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் அதை அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து, காக்கா கூடு நடந்து வருகிறது என்றாள். முட்டை இன்னும் வைக்கவில்லை டீச்சர் என்றேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டாள். உயரத்தில் காற்று இன்னும் நன்றாக வந்தது.

சாயங்காலம் லைன் வீடுகளுக்கு ஒரு சுற்று. தை மாதம் அப்பா இறந்த பிறகு இது அம்மாவின் வேலை. ஒட்டி ஒட்டி ஐந்து வீடு, மண் சுவர், ஓட்டுக் கூரை. ஒவ்வொன்றிலும் முன்ரூம் ஒன்று, பின்னால் சமையல் ரூம், அதற்கும் பின்னால் துவைக்கிற கல். அம்மா வீட்டுக்காரி. நான் உதவி வீட்டுக்காரி. சம்பளம் இல்லை, திட்டு உண்டு.

1-ஆம் நம்பர்: மலையாளம் வாத்தியார், எல்லோருக்கும் மாஷ். கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்கிறார்.
2, 4, 5: விசேஷம் இல்லை.
3-ஆம் நம்பர்: சைக்கிள் வாடகைக்கடை பழனிச்சாமி அண்ணன், தங்கமணி அக்கா. போன ஐப்பசியில் கல்யாணம். அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுக்கு அம்மா அப்பா இல்லை. வளர்த்த பெரியப்பா கல்யாணத்தோடு கையைக் கழுவிவிட்டார்.

அக்கா எங்களைச் சமையல் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பின்சுவரைக் காட்டினாள். நடுவில் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சுவருக்கும் ஏழு மாதம் இருக்கும்போல என்றேன். அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து அடியில் தொட்டுப் பார்த்தாள். ஈரம். துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் போகும் சலதாரை உடைந்து, எல்லாத் தண்ணீரும் சுவருக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு நானும் சிரிக்கவில்லை.

சலதாரை உடைந்ததை அக்கா சித்திரையிலேயே சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பார்க்கலாம் என்றாள் அம்மா. அப்பாவும் அப்படித்தான் சொல்வார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம்.

இந்த லைன் ஒருநாள் எனக்குத்தான் வரும், வேறு பிள்ளை இல்லை. அதனால் அன்றைக்கு இருக்கப்போகும் எனக்காக இப்போதே எழுதி வைக்கிறேன்: தண்ணீர் தேங்குகிறது என்று குடியிருப்பவள் சொன்னால் அன்றைக்கே கடப்பாரையோடு போ. அவள் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, சுவரைப் பற்றிப் பேசுகிறாள்.

அம்மா இன்று சரியாகச் சாப்பிடவில்லை.


ஜூலை 13, சனி

ஆறுமுகம் மேஸ்திரி வந்தார். தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். நூல் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போய் வந்தது. அடிமண்ணைக் கிள்ளிப் பார்த்தார். விரலோடு வந்தது. அக்காவுக்குக் கேட்காத தூரத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனார். எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"இது பழக்கத்துல நிக்குதுங்க. வேற ஒண்ணுமில்ல."

அப்படியானால் நாளைக்கே இடித்துக் கட்டிவிடலாம் என்றாள் அம்மா. மேஸ்திரி வீட்டுக்குள் ஒரு தடவை பார்த்தார். அக்கா இடுப்பில் கை வைத்தபடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாயும் வயிறுமா ஒரு புள்ள இருக்கற ஊட்டுல நான் கடப்பாரை போடமாட்டனுங்க. என்ற கையில அந்தப் பாவம் வேண்டாம்."

முட்டுக் கொடுக்கலாமா? கொடுக்கலாமாம். ஆனால் முட்டுக்குக் குழி தோண்ட வேண்டும். குழிக்கும் கடப்பாரைதான். அதுவும் ஆகாது.

அம்மா வாதாடவில்லை. அம்மாவுக்கும் அதே பயம். நான் வயிற்றில் இருந்தபோது காலண்டர் மாட்ட ஒரு ஆணிகூட அடிக்கவிடவில்லையாம். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பெற்றும் நான் இப்படி வந்து பிறந்தேன்.

மத்தியானம் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ்ஸில் போய் வேறு மேஸ்திரி ஒருவரைப் பிடித்தோம். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது: ஊட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?

ஆறுமுகம் மேஸ்திரி காலையில் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது: காற்று வலுக்கும் முன்னால் ஆளைக் காலி பண்ணுங்க. புதன்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். இருப்பது மிச்ச ஆனி மட்டும்.


ஜூலை 14, ஞாயிறு

பழனிச்சாமி அண்ணனிடம் சொல்லப் போனோம். வாசலில் செயினை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர் விஷயம், மேஸ்திரி சொன்னது, ஆடிக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்பது, எல்லாவற்றையும் அம்மா சொன்னாள். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஊடு சரியில்லைன்னு காளியப்பண்ணங்கிட்டயும் சொன்னாங்கக்கா."

அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

காளியப்பன் தையல்காரர். அடுத்த தெருவில் என் சித்தப்பாவின் வீட்டில் குடியிருந்தார். போன வருஷம் சித்தப்பா அவரிடம் போய், உத்திரம் உளுத்துவிட்டது, எந்நேரமும் விழும், பிள்ளைகுட்டியோடு இருக்காதே என்றார். அவரும் பயந்து, தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். சித்தப்பா ஒரு கோட்டு வெள்ளையடித்து, கூட வாடகை தருகிற ஆள் ஒருவரைக் குடி வைத்தார். அந்த உத்திரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, குத்துக்கல் மாதிரி. ஊருக்கே தெரியும்.

சித்தப்பா அன்றைக்குச் சொன்ன பொய், இன்றைக்கு எங்கள் வாயில் இருந்த உண்மையைச் சாப்பிட்டுவிட்டது.

சுவரை நீங்களே வந்து பாருங்கள் என்றாள் அம்மா. பார்த்திருக்கிறாராம். சரி பண்ணிக் கொடுங்கள் என்றார். கடப்பாரை போட விடுவீர்களா என்றால் அதற்கும் முகம் சுருங்குகிறது. ஒட்டுப் போடவும் விடமாட்டார், விட்டுப் போகவும் மாட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரில் காலி வீடு ஒன்றுகூடக் கிடையாது. போவதென்றால் எங்கே போவார்?

மாஷிடம் கேட்டேன். திரும்பக் கட்டினால் பழைய குடியிருப்புக்காரனுக்குத்தான் முதல் உரிமை, சட்டத்தில் உண்டு என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டில வாய்தா கிட்டும் மோளே. சுவரு வாய்தா தராது" என்றார்.

தாழ்ப்பாள் பற்றி மறுபடி ஞாபகப்படுத்தினார்.


ஜூலை 16, செவ்வாய்

ஆனி கடைசி.

ஐந்தாம் நம்பர் கூரையில் காற்று இரண்டு ஓட்டைத் தள்ளிவிட்டது. ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸைக் காணோம்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே பழனிச்சாமி அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு சைக்கிள் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சும்மா என்றேன். எடுத்துக் கொடுக்கும் முன்னால் முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்தார், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார், மணி அடித்தார். யாருக்குக் கொடுத்தாலும் இப்படித்தான். அதைப் பார்க்கத்தான் போனேன்.

"பிரேக் இல்லாத வண்டிய வாடகைக்கு விடுவீங்களாண்ணா?"

"உசுரு போற காரியம். விடமாட்டேன்."

"அப்ப எங்கம்மா மட்டும் எப்புடி விடுவாங்க?"

கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சக்கரம் தானாக நிற்கும்வரை காத்திருந்தார்.

"பிரேக் போச்சுன்னு ஒருத்தனப் பாதி வழியில எறக்கிவுட்டுட்டு, அதே வண்டிய அடுத்தவனுக்குக் குடுக்கறது என்ற தொழில்ல இல்ல அம்மிணி."

சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நடந்தே வந்தேன்.

சமையல் ரூமில் படுக்கும் தங்கமணி அக்கா இப்போது தலையை முன்ரூம் பக்கம் வைத்துப் படுக்கிறாளாம். தலை மட்டும் தப்பித்தால் போதுமா?


ஜூலை 17, புதன். ஆடி 1

லைன் முழுக்கத் தேங்காய் சுடும் வாசனை. நானும் ஒன்றைக் குச்சியில் குத்திச் சுட்டேன். பாதி கரி, பாதி தேங்காய். இரண்டையும் தின்றேன்.

காலையிலிருந்து ரோட்டில் வண்டிகள். வீடு மாறுகிறவர்கள் இல்லை. புதுக் கல்யாணமான பெண்களை ஆடிக்கு அழைத்துப்போக அம்மா வீட்டிலிருந்து வருகிறவர்கள். தட்டு, பூ, புதுச் சேலை. பெண் முன்னால் ஏறிக்கொள்வாள், மாப்பிள்ளை வாசலில் நின்று அசடு வழிவார். தலை ஆடிக்கு மாப்பிள்ளை தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

தங்கமணி அக்காவுக்கும் இதுதான் தலை ஆடி. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள். வேடிக்கை பார்க்கிற மாதிரிதான் நின்றாள். அவளை அழைக்க யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வண்டி திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போவாள், அந்தச் சுவருக்குப் பக்கத்தில்.

அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தேன். ஆடியில் வீடுதானே மாறக்கூடாது, மகள் அம்மா வீட்டுக்கு வரலாமில்லையா? அக்காவை நாம் போய் அழைத்தால் என்ன? அடுப்பு, சாமான், பூட்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். ஆள் மட்டும் இங்கே.

அம்மா கரண்டியைப் பானைமேல் வைத்துவிட்டாள்.

"அழைச்சா அழைச்சதுதான். ஒரு மாசம் சோறு போட்டு அனுப்பற சமாச்சாரமில்ல இது. பிரசவம், தொட்டில், சீரு எல்லாம் நம்ம தலையில. பொறவு அவகிட்டப் போயி வாடகைன்னு எப்புடிக் கை நீட்டறது?"

என் கையை அனுப்பலாம், அதற்கு வெட்கம் கிடையாது என்றேன். அம்மா அடிக்கவில்லை. அதனால்தான் இது பெரிய விஷயம் என்று புரிந்தது.


ஜூலை 18, வியாழன்

நேற்று சமையல் ரூமில் பேசியது இன்று காலை சித்தப்பா காதில். நடுவில் யார் காது என்று தெரியவில்லை.

வந்தார், உட்கார்ந்தார், ஆரம்பித்தார். குடியிருப்பவர்களை வாசலோடு நிறுத்த வேண்டுமாம். நல்லது கெட்டதுக்குப் போகலாம், உறவு வைக்கக்கூடாதாம். இன்றைக்கு அக்கா என்பான், நாளைக்கு வாடகைக்குக் கடன் சொல்வான், அடுத்து வீட்டையே கேட்பான். இப்படி ஒரு பாட்டம்.

"எந்தக் கூட்டம், என்ன குலம்னாவது கேட்டீங்களா அண்ணி? குடியிருக்கறவள மகளாக்கிக்கிட்டா, ஊட்ட எழுதிக் குடுத்த மாதிரிதான்."

அம்மா மோர் கொடுத்தாள். குடித்தார். இரண்டாவது டம்ளரும் கொடுத்தாள். பதில் மட்டும் கொடுக்கவில்லை. சித்தப்பா போகும்போது, அவர் வீட்டு உத்திரம் சௌக்கியமா என்று கேட்டேன். முறைத்தார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் என்று எனக்கும் தோன்றியது. வீட்டுக்காரிக்குத் தூரம் வேண்டும். எவ்வளவு தூரம் என்றுதான் தெரியவில்லை. சுவர் விழுந்தால் நம்மேல் படாத தூரமா?

அவர் போன பிறகு அம்மா பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத சேலை ஒன்றை எடுத்தாள். அரக்கு. மோந்து பார்த்துவிட்டு வெயிலில் போட்டாள். வெயில் இல்லை, காற்றில் போட்டாள் என்று எழுத வேண்டும்.


ஜூலை 19, வெள்ளி

அழைத்துவிட்டோம்.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், பூ, சேலை. எடுக்க வேண்டியது அம்மா. ஆனால் அம்மா தட்டைத் தொடவில்லை. போன பொங்கலுக்கு முன்னால் என்றால் அவள்தான் முதல் ஆளாக எடுத்திருப்பாள். இன்று நான் எடுத்தேன். அம்மா இரண்டு அடி பின்னாலேயே வந்தாள். வழியில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

தங்கமணி அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன புதுக் குறும்பு என்கிற பார்வை. பிறகு எனக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஆடிக்கு அழைச்சிட்டுப் போலாம்னு வந்தோம் சாமி" என்றாள் அம்மா.

அக்கா நெசமாவா என்று கேட்டாள். இரண்டு தடவை. அழவில்லை. வெற்றிலையை மட்டும் எடுத்து மறுபடி தட்டிலேயே வைத்தாள், எதை முதலில் எடுப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காததால்.

பழனிச்சாமி அண்ணன் தட்டுக்கு அடியில் பொறி ஏதாவது இருக்கிறதா என்பது போலப் பார்த்தார். அம்மா அதற்கும் தயாராக வந்திருந்தாள்.

"உன்ற பூட்டு, உன்ற சாவி. நீ இங்கயே இரு. உன்னைய யாரும் எழுப்ப மாட்டாங்க. புள்ளய மட்டும் அனுப்பு."

அம்மா வீட்டு அழைப்பை யாராலும் மறுக்க முடியாது. நானும் வாரேனுங்க, ஓரமாப் படுத்துக்கறேன் என்றார் அண்ணன், பாதி விளையாட்டாக. நான் உடனே, தலை ஆடியில மாப்பிள்ளைக்கு அனுமதி இல்லீங்க, ஆவணியில விண்ணப்பம் போடுங்க என்றேன். எல்லோரும் சிரித்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் கட்டிலை முன்ரூமுக்கு இழுத்துப் போட்டோம். சமையல் ரூமுக்குப் போகக்கூடாது, சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். துவைக்கிற கல்லை நானும் நாலாம் நம்பர்க்காரரும் உருட்டித் தள்ளி வைத்தோம். இனிமேல் அந்தச் சுவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

வேலை முடிந்தது. எனக்கு என்மேலேயே பெருமை.


ஜூலை 24, புதன்

அக்கா பச்சரிசி திருடித் தின்கிறாள். பிடித்துவிட்டேன். வாய்மூட எனக்கும் ஒரு பிடி.

மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்துப்போவது நான். இன்று காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒரே மூச்சில் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கொடுத்து, "மாமியார் ஊட்டுக் காப்பி நல்லாயிருந்துதுன்னு சொல்லு" என்றார். தோற்றுப்போனேன். வந்து அக்காவிடம் சொன்னால் அவள் கோபித்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

சுவரை வெளியிலிருந்து பார்த்தேன். அடிமண் காய்ந்து வெளுத்திருக்கிறது. வயிறு அப்படியேதான். பிரசவம்வரை தாங்கிவிடும் என்று அம்மாவுக்கும் எனக்கும் தோன்றுகிறது.

அம்மா அக்காவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். எனக்கு வைக்கும்போது குட்டுவாள். அவளைக் குட்டவில்லை.

மாஷின் தாழ்ப்பாளுக்கு ஆள் வந்து போனான். ஒரு வழியாக.


ஆகஸ்ட் 1, வியாழன்

விழுந்துவிட்டது.

நேற்று முழுக்க மழை. இந்தப் பக்கத்தில் இப்படிப் பெய்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மழையில் யார் சைக்கிள் எடுக்கிறார்கள் என்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சாப்பிட்டார். ரசம் கேட்டார், கொண்டுவரவில்லை. கொஞ்சம் படுக்கிறேன் என்றார். தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வாசலில் கால் வைக்கும்போது சத்தம். இடி மாதிரி இல்லை. நெல் மூட்டைகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துக் கொட்டியது மாதிரி.

சுவர் வெளிப்பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் கூரை அதோடு போய்விட்டது. முன்ரூம் கூரையும். கட்டில் மேல் ஓடும் மரமும் குவிந்து கிடந்தன.

மாஷ், நாலாம் நம்பர்க்காரர், ரோட்டில் போனவர்கள், எல்லோரும் கையாலேயே ஓட்டை எடுத்துப் போட்டார்கள். நானும். மாஷ் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே எடுத்தார், கை முழுக்க ரத்தம். அண்ணனுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. இடது கால் வேறு திசையில்.

கார் பிடித்து, எல்லைச் செக்போஸ்ட் தாண்டி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. அம்மா கூடப் போனாள்.

அக்காவை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்ரூம்லதான இருந்தாரு? முன்ரூம்லதான இருக்கச் சொன்னீங்க?"


ஆகஸ்ட் 2, வெள்ளி

உயிருக்குப் பயமில்லை என்று அம்மா ஆளிடம் சொல்லி அனுப்பினாள்.

மேஸ்திரி வந்து மண் குவியலைச் சுற்றிப் பார்த்தார். முன்ரூமில் ஓட்டைத் தாங்கும் கைமரங்களெல்லாம் உத்திரத்தின்மேல் நின்றன, உத்திரத்தின் ஒரு முனை பின்சுவரில் உட்கார்ந்திருந்தது என்று குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். பின்சுவர் போனால் முன்ரூமும் போகும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். நாங்கள் சுவரைப் பற்றித்தான் கேட்டோம். கூரையைப் பற்றிக் கேட்கவில்லை.

பாதிக் காலி என்று ஒன்று கிடையாது. காலி என்றால் முழுக்கக் காலி. இதை நான் எழுதிவைக்க வேண்டியதே இல்லை, மறக்கப்போவதில்லை.

கூட வருகிறேன் என்றுதான் அண்ணன் கேட்டார். அனுமதி இல்லை என்று சொன்னது நான்.

இன்றைக்கு இவ்வளவுதான்.


ஆகஸ்ட் 5, திங்கள்

என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் அம்மா. அக்கா வர முடியாது, பஸ் குலுக்கல் ஆகாது. ரசம் கொடுத்தனுப்பினாள்.

கால் இரண்டு இடத்தில் முறிவு. இடுப்பில் அடி. நடப்பாராம். சைக்கிள் மிதிப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் நடப்பார் என்றே மறுபடியும் சொன்னார்.

அண்ணன் முகம் சின்னதாகிவிட்டது. என்னைப் பார்த்து, காப்பி கொண்டாந்தியா அம்மிணி என்றார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால்தான் இந்தப் பேச்சு நடந்தது.

"ஊடு போச்சுங்களாக்கா?"

"செவுரு போச்சு. ஊடு இருக்குது."

நான் திரும்பவில்லை. பிறகு, ஓடு எவ்வளவு தேறும் என்று கேட்டார். பாதி தேறும் என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஓட்டைப் பற்றியே பேசினார்கள், நர்ஸ் வந்து எங்களை விரட்டும்வரை.

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி. அவனுக்கு அடிபட்டது பாவம்தான், வைத்தியத்துக்கு ஏதாவது செய்யலாம், தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் அண்ணி, வீடு விழுந்தால் குடித்தனமும் விழுந்தது. கோர்ட் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம், காற்றே காலி பண்ணிக் கொடுத்துவிட்டது. காங்கிரீட் போட்டுக் கட்டினால் நல்ல பார்ட்டி இருக்கிறது, ஆவணி பிறந்ததும் அனுப்புகிறேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று மோர் இல்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை. வைத்தியச் செலவு எங்களுக்கும் பாரம்தான். அம்மா என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னது படுத்திருப்பவனுக்குச் சொன்ன ஆறுதலா, நிஜமா? உள்ரூமில் அக்கா விழித்துத்தான் இருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

காம்பஸ் கிடைத்தது. என் மெத்தைக்கு அடியில். அதன் முனை முதுகில் குத்திய பிறகுதான் தெரிந்தது.

மேஸ்திரியை அம்மா மறுபடி கூப்பிட்டுப் பேசினாள். இடிந்த வீடானாலும் அவள் குடியிருக்கிற வீடுதான், பிள்ளை பிறக்காமல் கை வைக்கமாட்டேன் என்கிறார். இந்தப் பேச்சில் அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். சரிங்க, பொறந்த பிறகே வாங்க என்றாள். மற்ற நாலு வீட்டுச் சலதாரைகளையும் உத்திரங்களையும் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தோம். அப்பா காலத்தில் நேரே உள்ளே போவார்.

சித்தப்பா வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. பச்சரிசிப் பானையைத் தொடவில்லை. தன் துணிகளைத் தனியாக மடித்து மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.


ஆகஸ்ட் 18, ஞாயிறு. ஆவணி 2

காற்று அடங்கிவிட்டது. நல்ல வெயில். ரோட்டில் வண்டி வண்டியாகப் பானை, அம்மிக்கல், சுருட்டிய பாய். ஆடி முடியக் காத்திருந்தவர்கள் எல்லோரும் இன்று வீடு மாறுகிறார்கள்.

அம்மாவும் நானும் மூன்றாம் நம்பர் குவியலில் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தோம். முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. சித்தப்பா அனுப்பியதாகச் சொன்னார். நான் ஓட்டைக் கீழே வைத்தேன்.

"மூணாம் நம்பர் காலியாயிருச்சுன்னாங்க?"

அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு ஓட்டைத் தட்டிப் பார்த்து நல்லதில் வைத்தாள்.

"இல்லீங்க. ஆளு குடியிருக்காங்க."

அவர் பார்த்தார். கூரை இல்லை. பின்சுவர் இல்லை. முன்ரூம் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. அம்மாவை மறுபடி கேட்கத் தைரியமில்லாமல் என்னைப் பார்த்தார், நானாவது சிரிப்பேனா என்று.

"ஆமாங்க" என்றேன். "பழனிச்சாமி அண்ணனும் தங்கமணி அக்காவும். ஆஸ்பத்திரி போயிருக்காரு, வந்துருவாரு."

குடையை விரித்துக்கொண்டு போனார். வாசலைப் பார்த்தேன். அக்கா அங்கே இல்லை. உள்ளே போய்விட்டாளோ என்று நினைத்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி, உடைசல் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இங்கே எல்லாம் வரக்கூடாது, போ என்றாள் அம்மா. அக்கா போகவில்லை. உட்கார்ந்தபடியே பொறுக்குகிறேன் என்றாள்.

அம்மா அவளுக்கு ஒரு பலகை போட்டாள்.